கல்யாணம் ஆகாதவர்களுக்கு எந்தப் பதிவேடு?

கிராம சுகாதார செவிலியரிடம் பதிவேடுகள் நிறைய இருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, தகுதியுள்ள தம்பதியருக்கு ஒன்று. இப்போது பாதி கணினிக்குப் போய்விட்டாலும் தலைப்புகள் மாறவில்லை. தகுதியுள்ள தம்பதியர் என்றால் கல்யாணமாகி, மனைவிக்கு வயது 15-க்கும் 49-க்கும் இடையில் இருக்கிற தம்பதி. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணோ, மேலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி மதுரைக்குப் படிக்க வரும் இருபது வயதுப் பையனோ இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் உடம்பு இருக்கிறது, சந்தேகம் இருக்கிறது, சிலருக்குக் காதலும் இருக்கிறது. ஆனால் குடும்ப நலத் துறையின் கணக்கில் இனப்பெருக்க நலம் என்பது தாலி ஏறிய பிறகு தொடங்குகிற விஷயம்.

இளைஞர்களின் பாலியல், இனப்பெருக்க நலனுக்காக மதுரை வட்டாரத்தில் யார் வேலை செய்தாலும் வந்து முட்டுவது இந்த இடத்தில்தான். ‘விழிப்புணர்வு முகாம்’ என்று பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, யாராவது பேசிவிட்டு வடை டீயோடு முடிப்பது சுலபம். பிள்ளைகளுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தெரிந்துகொண்டு எங்கே போய் நிற்பார்கள்? நர்ஸம்மாவிடம், மெடிக்கல் ஷாப்பில், அறிவியல் டீச்சரிடம், கடைசியில் மகளிர் காவல் நிலையத்தில். அங்கே இருக்கும் பெரியவர்கள் மாறாமல் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் எடுப்பதில் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கோளாறு எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் மதுரைக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்த சௌந்தரம் அம்மையார் சிறு வயதிலேயே கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பிறகு டெல்லியில் மருத்துவம் படித்தார், 1940-ல் காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1947-ல் தொடங்கியது காந்திகிராமம். அங்கே உருவான கஸ்தூர்பா மருத்துவமனையும், 1964-ல் வந்த ஊரக சுகாதார, குடும்ப நலப் பயிற்சி நிறுவனமும் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் செய்த வேலையைப் பார்த்துப் பல மாநிலங்கள் கற்றுக்கொண்டன. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் பெயின்ட் அடிக்காத சுவர் இந்தப் பக்கம் அபூர்வமாக இருந்த காலம் அது.

விளைவு, 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது கிட்டத்தட்டப் பூஜ்யம். மாத்திரை, ஆணுறை போன்றவை மிகக் குறைவு. அதாவது நம் சுகாதாரத் துறைக்கு நன்றாகக் கைவந்த ஒரே சேவை, இரண்டு பிள்ளை பெற்று முடித்த பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து அனுப்புவது. பிள்ளை பெறுவதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருட வாழ்க்கையைப் பற்றி அதற்குப் பேசிப் பழக்கமே இல்லை. கர்ப்பத்தடையைப் பெரியார் ஆதரித்தபோது, மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் வறுமைக்காகவும் கேட்கிறார்கள், நாங்கள் பெண்ணின் சுதந்திரத்துக்காகக் கேட்கிறோம் என்று பிரித்துச் சொன்னார். அரசாங்கம் எடுத்துக்கொண்டது முதல் பாதியை மட்டும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2014 ஜனவரியில் மத்திய அரசு ஒரு வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் கொண்டுவந்தது. ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்று பெயர். 10 முதல் 19 வயது வரை எல்லோருக்கும், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும். சத்துணவு, மனநலம், போதைப் பழக்கம், வன்முறை, தொற்றா நோய்கள், இவற்றோடு பாலியல், இனப்பெருக்க நலம் என்று ஆறு தலைப்புகள். கிராமத்தில் சம வயதுப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களிடம் பேசவைப்பது. மருத்துவமனையில் தனி ஆலோசனை அறை. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடைமுறையில், எண்ணிக் கணக்குக் காட்ட முடிகிற பகுதிகள் நன்றாகவே நடக்கின்றன. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எத்தனை கொடுத்தோம் என்று எழுதலாம், குடற்புழு மாத்திரையும் அப்படித்தான். ‘ஒரு பெண் வந்தாள், இருபது நிமிஷம் பேசினாள், நிம்மதியாகப் போனாள்’ என்பதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? இந்தத் திட்டம் கிராமத்து சுகாதாரத் தன்னார்வலர்களான ஆஷா பணியாளர்களை நம்பி வகுக்கப்பட்டது என்பது இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் மலைப்பகுதி போன்ற சில இடங்களில்தான். மற்ற ஊர்களில் ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர், அவர் தலையில் ஏற்கெனவே பத்து வேலை.

பின்னே, அந்தச் செவிலியர் யார்? பல ஊர்களில் பெண்ணின் அம்மாவுக்கு அவர் பழக்கம். வெள்ளைப்படுகிறது, ரெண்டு மாசமாகத் தள்ளிப்போகிறது என்று ஒரு பெண் தனியாகப் போய்ச் சொன்னால் முதல் கேள்வி ‘அம்மா வரலையா?’ என்றுதான் வரும். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் அந்தக் கேள்வியோடு அந்தப் பெண் திரும்பிவிடுவாள். ரகசியம் காப்பது என்பதை இங்கே யாரும் வேலையின் பகுதியாக நினைப்பதில்லை. ‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்ற எண்ணம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

சரி, எல்லாமே தோல்வி என்று சொல்லிவிட முடியாது. மாதவிடாய் விஷயத்தில் தமிழ்நாடு செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுக்கும் புதுயுகம் திட்டம் 2011-ல் அறிவிக்கப்பட்டது. இன்றைக்கு இளம் பெண்களில் ஏறக்குறைய எல்லோருமே சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நாப்கின் வந்த வேகத்தில் பேச்சு வரவில்லை. மதுரை மாவட்டத்திலேயே தே.கல்லுப்பட்டிப் பக்கம் கூவலாபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் மாதவிடாய் நாட்களில் பெண்கள் வீட்டில் தங்காமல் ‘முட்டுத்துறை’ என்ற தனி இடத்துக்குப் போகும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கிறது. சாமி குத்தம் என்ற பயம். அந்த ஊர்களில் யாருக்கு எப்போது மாதவிடாய் என்று ஊருக்கே தெரியும். மற்ற ஊர்களில் மட்டும் என்ன வாழ்கிறது? வயசுக்கு வந்ததும் தாய்மாமன் சீர், ரேடியோ செட்டு, சந்திக்குச் சந்தி ஃபிளெக்ஸ். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வேளை தவறாமல் வரும். இடுப்புக்கு நல்லது என்பார்கள். நல்லதுதான். உள்ளே என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த மாதம் வராவிட்டால் பயப்பட வேண்டுமா என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் சொல்லலாம். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு பாடமே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலனும் விரிவாக உண்டு, கருத்தடை முறைகள், பால்வினை நோய்கள் எல்லாம் சேர்த்து. ஆனால் விலங்கியல் படிப்பவர்கள் உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் மட்டும். காமர்ஸ் எடுத்தவனும், பத்தாவதோடு நின்று மில்லுக்குப் போனவளும் இதைப் பார்க்கவே மாட்டார்கள். எட்டாம் வகுப்புப் பாடத்தை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிப்போகும் ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் வராமல் செய்வது இதுதான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத யாருமே குழந்தை. அவர் சம்மதித்தார் என்பது சட்டத்தின் முன் செல்லாது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பது 19, 21-ஆம் பிரிவுகளின்படி தண்டனைக்குரியது. மருத்துவருக்கும் இது பொருந்தும். குழந்தைகள் மீதான வன்முறையை மூடி மறைப்பதே வழக்கமாக இருந்த நாட்டில் இப்படி ஒரு விதி வந்தது நியாயம். அதற்குள் பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலிப்பதும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. அதோடு, 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்வே என்று தீர்ப்புச் சொன்னது.

இப்போது ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் முறை மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்துவிட்டார்கள், ஐந்தாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பிக்மி எண் போட வேண்டும். அந்தக் கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் நாளைக்குக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே பெரும்பாடு. பதிவுக்கு ஆதார் கேட்பார்கள், ஆதாரில் வயது இருக்கும், வயதைப் பார்த்ததும் தகவல் சமூக நலத் துறைக்கும் போலீசுக்கும் போகும், கணவன் உள்ளே போவான். வீட்டில் என்ன செய்வார்கள்? சுகாதார நிலையத்துக்கே அனுப்பமாட்டார்கள். பதினெட்டு முடிகிற வரை மறைத்துவைப்பார்கள், அல்லது வேறு ஊரில் கேள்வி கேட்காத இடமாகத் தேடுவார்கள். ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் எந்த வயதுக் கர்ப்பிணிக்கு அதிக ஆபத்தோ, அவள்தான் பரிசோதனைக்கே வராமல் போகிறாள். 2019-21 கணக்கெடுப்பில் 20 முதல் 24 வயதுக்குள் இருந்த தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயாகியிருந்தார்கள், அல்லது கர்ப்பமாக இருந்தார்கள்.

கல்யாணம் ஆகாத பெண் என்றால் இன்னும் மோசம். கருக்கலைப்பு 1971 முதலே சட்டப்படி செய்யக்கூடியது. 2021 திருத்தம், கருத்தடை தவறிப்போய்க் கர்ப்பமானால் கலைக்கலாம் என்ற விதியில், அந்தக் கருத்தடையைப் பயன்படுத்தியவர் ‘திருமணமான பெண் அல்லது அவர் கணவர்’ என்று இருந்ததை ‘எந்தப் பெண்ணோ அவர் துணைவரோ’ என்று மாற்றியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். சிறுமிகள் உட்படச் சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் கருத்தோடு செய்யலாம். பதினெட்டு முடிந்தவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், அப்பாவோ கணவனோ தேவையில்லை. பதினெட்டு முடியாதவளுக்குக் காப்பாளரின் கையெழுத்து வேண்டும். காப்பாளர் என்றால் அவளைப் பராமரிப்பவர் என்றுதான் சட்டம் சொல்கிறது, பெற்றோர்தான் என்று சொல்லவில்லை. சித்தியோ பாட்டியோ கூட இருக்கலாம். இவ்வளவு தெளிவாக இருந்தும் ‘புருஷன் கையெழுத்து எங்கே’ என்று கேட்காத ஆஸ்பத்திரி குறைவு.

2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு கதவைத் திறந்தது. டெல்லி அரசுக்கு எதிரான ஒரு வழக்கில், திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என்று சொன்னது. அதே தீர்ப்பில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுக்கும் மருத்துவர் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்றும் சொன்னது. தகவல் போக வேண்டும், பெயர் போக வேண்டாம். நல்ல சமரசம். இந்த ஒரு தகவல் வட்டார மருத்துவ அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிந்திருந்தால் எத்தனையோ பெண்கள் தாங்களாகவே கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, ரத்தப்போக்கோடு பெரியாஸ்பத்திரிக்கு வரும் நிலை குறையும். மதுரை மாதிரி ஒரு மாவட்டத்தில் இப்போது செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பிரசாரம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தீர்ப்பின் அந்தப் பத்தியைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கொண்டுபோய்க் கொடுப்பது.

காவல் துறையிலும் அசைவு இல்லாமல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019-லும் 2021-லும் இளம் பருவக் காதலை போக்சோவில் அடைப்பதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. 2022 டிசம்பரில் தமிழகக் காவல் துறைத் தலைமை, பரஸ்பரக் காதல் வழக்குகளில் கைதுக்கு அவசரப்பட வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் சுற்றறிக்கை ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். நம் பக்கத்தில் போக்சோ புகார் சில நேரம் சாதியைக் காப்பாற்றும் கருவியாக வருகிறது. பையன் வேறு சாதி என்றால் பெண் வீட்டார் நேரே ஸ்டேஷனுக்கு. ஒரே சாதி என்றால் பேசி முடித்து, வயது பார்க்காமல் கல்யாணம். ‘ஓடிப்போய்ட்டா என்ன பண்றது’ என்ற பயம்தான் பள்ளியிலிருந்து பெண்களை நிறுத்துகிறது, செல்போனைப் பிடுங்குகிறது, பதினேழில் தாலி கட்டுகிறது. பாலியல் கல்வி என்று சொன்ன உடனேயே ‘லவ் பண்ணச் சொல்லிக்கொடுக்கிறீங்களா’ என்ற எதிர்ப்பு வருவதும் இந்தப் பயத்திலிருந்துதான். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு எந்தக் குழுவும் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இரண்டாவது கூட்டம் போட முடியாது.

இந்த இடத்தில் பணம் பேசுவதைப் பிரசங்கம் பேசாது. 1989 முதல் இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை 2022-ல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டமாக ஆக்கினார்கள். பழைய திட்டத்தில் கிடைத்த தாலித் தங்கத்துக்கு ஆசைப்பட்ட குடும்பங்கள் முணுமுணுத்தன. ஆனால் மகள் கணக்கில் மாதம் ஆயிரம் வரும்போது, ‘படிப்பு முடியட்டும்’ என்று அந்தப் பெண்ணே வீட்டில் வாதாட ஒரு பிடி கிடைக்கிறது.

பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கென்று சுகாதார நிலையத்தில் எதுவும் கிடையாது, எனவே அவர்களுக்குக் கிடைத்தது சுவரொட்டி வைத்தியர்கள். ‘இளமையில் செய்த தவறால் தளர்ந்தவரா?’ என்று கேட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒருநாள் முகாம் போடுபவர்கள். ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்ற பழமொழியை வைத்தே வியாபாரம் நடத்துகிறார்கள். சொப்பனத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்று யாராவது ஒருவர் பதினான்கு வயதில் சொல்லியிருந்தால் அந்தச் செலவும் மிச்சம், பயமும் மிச்சம். 2000-களின் தொடக்கத்தில் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆண்களின் பாலுறவைப் பற்றி டீக்கடையில் பேசவைத்தது பெரிய விஷயம். ஆனால் பேச்சு முழுக்க நோயும் பயமும் கேலியும். உறவு, சம்மதம், ஆணுறையை எப்படிப் போடுவது என்பதெல்லாம் அதில் வரவில்லை.

ஆணுறையாவது கடையில் கேட்டால் கிடைக்கும். அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டுப் பாருங்கள். 72 மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் கர்ப்பம் தரிப்பதைத் தடுக்கும், ஏற்கெனவே உருவான கருவைக் கலைக்காது. 2005-லிருந்து இதற்கு மருத்துவர் சீட்டுத் தேவையில்லை என்பது மத்திய அரசின் நிலை. தமிழ்நாட்டில் பெரும்பாலான மெடிக்கல் ஷாப்களில் இல்லை என்றுதான் பதில். எழுத்தில் தடை எதுவும் காட்டமாட்டார்கள், சரக்கு இருக்காது, அவ்வளவுதான். இதைப் பற்றிச் சட்டமன்றத்திலோ மதுரையின் வணிகர் சங்கத்திலோ யாராவது ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஊரில் இருந்துகொண்டே போராடி எதையாவது வாங்க முடியுமா என்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் பக்கத்திலேயே உண்டு. ஒன்று, 2022-ன் திண்டுக்கல் ஒப்பந்தம். ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் பெண் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நிறுவனத்தையும் வெளிநாட்டு பிராண்டுகளையும் கையெழுத்துப் போடவைத்தது. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று வேலை செய்யும் இடத்திலேயே கண்காணிப்பாளர்கள், எல்லோரும் தொழிலாளர்களே. மேஸ்திரி தொட்டுப் பேசினால் யாரிடம் சொல்வது என்று தெரிந்தது பெரிய மாற்றம். மாதவிடாய் வலிக்கு, பெயர் போடாத மாத்திரையை மேற்பார்வையாளர் கொடுத்து மெஷினில் உட்காரவைத்த கதைகள் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் இருந்து வந்த பிறகு, இப்படி ஓர் ஏற்பாட்டின் அருமை புரியும்.

இன்னொன்று மதுரையிலேயே நடந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில் திருநங்கையும் மணமகளே என்று சொன்னது. வழக்கு கேட்டது அவ்வளவுதான். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதோடு நிற்காமல், பிறவி உடலமைப்பு ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத ஊடுபால் (இன்டர்செக்ஸ்) குழந்தைகளுக்கு, அவர்கள் விவரம் புரிந்து சம்மதிக்கும் முன்பே ஆண், பெண் என்று ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சையைத் தடை செய்யச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது, இந்தியாவில் முதல் மாநிலமாக. மதுரையைச் சேர்ந்த ஊடுபால் செயற்பாட்டாளர் கோபி சங்கரும் சிருஷ்டி அமைப்பும் 2011-லிருந்தே இதைப் பற்றிப் பேசிவந்தவர்கள்.

எல்லோராலும் நீதிமன்றம் போக முடியாது. கிராம சபைக்குப் போகலாம், இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர், நாப்கின் எரிக்கும் கருவி, மாதம் தவறாமல் புதுயுகம் பாக்கெட் என்று தீர்மானம் கொண்டுவந்தால் யாரும் எதிர்ப்பதில்லை, கைதட்டுவார்கள். ஊரில் 18 ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் குழந்தைகள் பாதுகாப்புக் குழு முதலில் வீட்டில் போய்ப் பேச வேண்டும் என்றால் கொஞ்சம் சலசலப்பு வரும், ஆனால் நிறைவேறும். துணை சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு சாயங்காலம் கல்யாணமாகாத இளைஞர்கள் தனியாக வந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும், பேசியது வெளியே போகக் கூடாது என்று ஒரு தீர்மானம் வைத்துப் பாருங்கள். அங்கேதான் ஊராட்சிச் செயலர் பேனாவை மூடி வைப்பார். முதல் இரண்டையும் வாங்கிப் பழகிய பிறகு மூன்றாவதை வைப்பதுதான் நடக்கிற காரியம். அந்த நாளில் செவிலியரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அவருக்கு அது ஒரு கூடுதல் வேலை, அதற்கு ஆள் வேண்டும் என்று அதே தீர்மானத்தில் எழுதிவிடலாம்.